மலை இருவாட்சி

மலை இருவாட்சி என்பது தென்னாசியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளின் வெப்பமண்டல மழைக்காடுகளில் வாழும் பெரிய பறவை. இந்தியாவில் காணப்படும் ஒன்பது இருவாட்சி இனங்களுள் இதுவே மிகப் பெரியது. பெரிய இருவாட்சி, இருவாய்ச்சி, இருவாயன் என்றும் இதை அழைப்பர். தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளில், குறிப்பாக ஆனைமலையில் இதைக் காணலாம். கேரளம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களின் மாநிலப் பறவையும் இதுவே.

இப்பறவை பழங்களை உண்டு, அவற்றின் விதைகளைக் காடெங்கும் பரப்புகிறது. மிகப் பழைய, பெருத்த மரங்களில் இயற்கையாக உண்டான பொந்துகளில் மட்டுமே கூடு வைக்கிறது. அத்தகைய மரங்கள் இல்லாத காட்டில் உணவு இருந்தாலும் இதனால் குஞ்சு பொரிக்க முடியாது. இப்பறவை இல்லாத காட்டில், பெரிய விதை கொண்ட மரங்கள் பலவற்றின் விதைகள் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடக்கும். பறவைக்கும் பெருமரத்துக்கும் உள்ள இந்த உறவே மலை இருவாட்சியைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் முதன்மையானது.

பெயர்

இப்பறவையின் மேல் அலகின்மீது மஞ்சள் நிறத்தில் தொப்பி போன்ற பெரிய அமைப்பு ஒன்று உண்டு. பார்ப்பதற்கு ஓர் அலகின்மேல் இன்னோர் அலகை வைத்ததுபோல் இருப்பதால் ‘இரு வாய்’ உடையது என்ற பொருளில் இருவாய்ச்சி என்ற பெயர் வந்தது. அதுவே பேச்சு வழக்கில் இருவாச்சி என்றும் இருவாட்சி என்றும் வழங்குகிறது. மலையாளத்தில் இதன் பெயர் மலமுழக்கி வேழாம்பல். மலையே முழங்கும்படி ஒலி எழுப்புவது என்பது அதன் பொருள்.

இதன் அறிவியல் பெயர் பியூசெரோசு பைகார்னிசு. சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயசு 1758ஆம் ஆண்டில் இந்த இனத்தை விவரித்தார். பெயரின் முதற்பகுதி ‘மாட்டுக் கொம்பு’ என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டாம் பகுதிக்கு ‘இரு கொம்புடையது’ என்று பொருள். தொப்பியின் முன்பகுதி நடுவில் பள்ளமாகி இருபுறமும் மேடாக இருப்பதை இப்பெயர் குறிக்கிறது.

தோற்றம்

மலை இருவாட்சியின் உடல் நீளம் 95 முதல் 130 செ.மீ. வரை இருக்கும். விரித்த இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். எடை 2 முதல் 4 கிலோ வரை. ஆண் பறவை பெண்ணைவிடச் சற்றுப் பெரியது.

முகம், முதுகு, மார்பு, இறக்கை ஆகியவை கறுப்பு நிறம். கழுத்தும் அடிவயிறும் வெண்மை. இறக்கையின் நடுவே அகன்ற வெண்பட்டை ஒன்று ஓடும். இறக்கையின் பின்விளிம்பும் வெள்ளை. நீண்ட வெண்ணிற வாலின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை உண்டு. பறக்கும்போது இந்தக் கறுப்பு வெள்ளை அமைப்பு தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரியும்.

கழுத்திலும் இறக்கைப் பட்டையிலும் காணப்படும் மஞ்சள் சாயல் இறகின் இயல்பான நிறமன்று. வாலின் அடிப்பகுதியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வரும் மஞ்சள் எண்ணெயை அலகால் எடுத்து இறகுகளில் தடவிக்கொள்வதால் உண்டாகும் நிறம் அது. அலகின்மீதும் தொப்பியின்மீதும் இந்த எண்ணெய் படிந்து அவற்றின் மஞ்சளை இன்னும் அடர்த்தியாக்குகிறது.

அலகும் தொப்பியும் பார்வைக்கு மிகவும் கனமாகத் தோன்றும். ஆனால் மலை இருவாட்சியின் தொப்பி உள்ளே பெரும்பாலும் வெற்றிடம் கொண்டது. ஆகவே எடை குறைவு. அப்படியிருந்தும் இவ்வளவு பெரிய அலகைத் தாங்க வேண்டியிருப்பதால், இருவாட்சிக் குடும்பப் பறவைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளும் ஒன்றாக இணைந்துள்ளன. கண்ணிமைகளில் நீண்ட மயிர் போன்ற இறகுகள் உண்டு. பறவைகளில் இது அரிது.

குஞ்சுக்குத் தொப்பி இருக்காது. அது கூட்டைவிட்டு வெளியேறிய பின்னரே மெல்ல வளரத் தொடங்கி, முழு வடிவம் பெறச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே தொப்பியின் வளர்ச்சியைக் கொண்டு இளம் பறவையை அடையாளம் காணலாம்.

ஆண், பெண் வேறுபாடு

ஆணையும் பெண்ணையும் கண்ணைப் பார்த்தே பிரித்தறியலாம். ஆணின் விழிப்படலம் சிவப்பு. பெண்ணுடையது வெளிறிய வெண்மை. ஆணின் கண்ணைச் சுற்றியுள்ள தோல் கறுப்பு. பெண்ணுக்கு அது இளஞ்சிவப்பு. ஆணின் தொப்பியில் முன்னும் பின்னும் கறுப்பு நிறம் இருக்கும். பெண்ணின் தொப்பி அளவில் சிறியது. அதில் அக்கறுப்பு இராது, பின்பகுதி செந்நிறமாக இருக்கும்.

குரலும் இறக்கை ஒலியும்

இதன் குரல் கரகரப்பானது, உரத்தது. மலைச் சரிவின் ஒருபுறம் கத்தினால் மறுபுறம் கேட்கும். இணை சேரும் காலத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குரல் கொடுக்கும்.

குரலைவிடப் புகழ்பெற்றது இதன் இறக்கை ஒலி. மற்றப் பறவைகளுக்கு இறக்கையின் அடிப்புறத்தில் உள்ள சிறு இறகுகள் பெரிய பறப்பிறகுகளின் அடிப்பகுதியை மூடியிருக்கும். இருவாட்சிகளுக்கு அந்த மூடல் போதிய அளவில் இல்லை. ஒவ்வொரு முறை இறக்கை அடிக்கும்போதும் இறகுகளின் இடைவெளி வழியே காற்று பாய்வதால், நீராவி ரயில் எஞ்சின் புறப்படுவது போன்ற ஒலி எழுகிறது. அடர்ந்த காட்டில் பறவை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இந்த ஒலி கேட்டுவிடும்.

பறக்கும் நிலையிலேயே இரண்டு ஆண் பறவைகள் தொப்பியோடு தொப்பி மோதிக்கொள்வதும் உண்டு. கூடு வைக்கும் காலத்தையொட்டி இது நிகழ்வதைப் பறவையியலாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

பரவலும் வாழிடமும்

இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலை அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய பகுதிகளில் மலை இருவாட்சி வாழ்கிறது. நேபாளம், பூட்டான், மியான்மர், தாய்லாந்து, மலேசியத் தீபகற்பம், சுமத்திரா ஆகிய இடங்களிலும் உள்ளது. இலங்கையில் இந்த இனம் இல்லை. அங்கு இலங்கைச் சாம்பல் இருவாட்சியும் மலபார் கறுப்பு வெள்ளை இருவாட்சியும் மட்டுமே உள்ளன.

உயர்ந்த மரங்கள் நிறைந்த பசுமைமாறாக் காடுகளே இதன் வாழிடம். பழம் தேடி ஒரே நாளில் பல கிலோமீட்டர் பறக்கக்கூடியது என்பதால் தேயிலை, காப்பித் தோட்டங்களைக் கடந்தும் பறந்து செல்லும். இரவில் உயரமான மரங்களில் கூட்டமாகத் தங்கும்.

திருப்பூர் மாவட்டமும் ஆனைமலையும்

பின்னலாடைத் தொழிலால் அறியப்படும் திருப்பூர் மாவட்டம் பெரும்பாலும் வறண்ட சமவெளி. ஆயினும் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் வட்டங்களைக் கொண்ட அதன் தென்பகுதி ஆனைமலையில் போய் முடிகிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகம் கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்துள்ளது. உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் இக்காப்பகத்தைச் சேர்ந்தவை.

இந்த மலையின் இரு பக்கங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. தென்மேற்குப் பருவமழை நேரடியாகப் பெய்யும் மேற்குப் பகுதியில் வால்பாறை, டாப்சிலிப் சுற்றுவட்டாரங்களில் மழைக்காடுகள் உள்ளன. மழை மறைவான கிழக்குப் பகுதியில் அமராவதி, சின்னாறு பக்கங்களில் முட்காடுகளும் இலையுதிர் காடுகளும் உள்ளன. மலை இருவாட்சியின் இருப்பிடம் மேற்கிலுள்ள மழைக்காடு. திருப்பூரிலிருந்து இப்பறவையைப் பார்க்கச் செல்வோர் பொதுவாகப் பொள்ளாச்சி வழியாக டாப்சிலிப்புக்கோ, ஆழியாற்றைக் கடந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் வால்பாறைக்கோ போகிறார்கள்.

பறவை மேற்கில் இருந்தாலும் அது வாழும் காட்டின் பயன் கிழக்கே வருகிறது. ஆனைமலையில் பெய்யும் மழை பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தின் அணைகளில் தேங்கி, கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வந்து, உடுமலை, பல்லடம், காங்கேயம் பகுதிகளின் வயல்களுக்குப் பாய்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவது இந்தக் காடு. அந்தக் காட்டின் மரங்கள் அடுத்த தலைமுறைக்கும் முளைக்க வேண்டுமென்றால் அவற்றின் விதைகளை யாராவது கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் உயிர்களுள் இருவாட்சி முதன்மையான ஒன்று.

உணவு

மலை இருவாட்சியின் முதன்மை உணவு பழம். அதிலும் ஆல், அத்தி, இச்சி முதலிய அத்திக் குடும்ப மரங்களின் பழங்களே மிகுதி. காட்டின் மற்ற மரங்கள் ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில் மட்டும் பழுக்கும். அத்தி வகை மரங்களோ ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. இன்று ஒரு மரம், அடுத்த மாதம் வேறொரு மரம் என்று ஆண்டு முழுவதும் எங்காவது ஓர் அத்தி மரம் பழுத்திருக்கும். வேறு பழம் கிடைக்காத மாதங்களில் பறவைகளையும் குரங்குகளையும் காப்பாற்றுவது இந்த அத்திகளே.

காட்டு ஜாதிக்காய், குங்கிலியம், வெள்ளை அகில், கொலமாவு முதலிய மரங்களின் பழங்களையும் இது விரும்பி உண்ணும். இவற்றுள் பல கொழுப்புச் சத்து மிகுந்தவை. குஞ்சு வளரும் காலத்தில் அவசியமானவை. அலகின் நுனியால் பழத்தைப் பறித்து, தலையைப் பின்னுக்கு வீசிப் பழத்தைத் தொண்டைக்குள் எறிந்து விழுங்குவது இதன் வழக்கம்.

பழத்தோடு பூச்சிகள், ஓணான், பல்லி, சிறு பாம்பு, எலி, சிறு பறவைகளின் குஞ்சுகள் ஆகியவற்றையும் உண்ணும்.

தண்ணீருக்காக மழையை எதிர்பார்த்து ஏங்கும் பறவை வேழாம்பல் என்ற நம்பிக்கை கேரளத்தில் உண்டு. உண்மையில் இப்பறவை தனக்கு வேண்டிய நீரைப் பழங்களிலிருந்தே பெற்றுக்கொள்கிறது.

இனப்பெருக்கம்

ஆனைமலையில் இதன் இனப்பெருக்கக் காலம் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தொடங்கி ஏப்ரல், மே வரை நீளும். தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்கு முன் குஞ்சு கூட்டைவிட்டு வெளியேறிவிடும். இக்காலம் காட்டில் பழம் மிகுந்திருக்கும் காலமும் ஆகும். பறவையியலாளர்கள் இரகுபதி கண்ணன், டக்ளசு ஜேம்சு இருவரும் 1990களின் தொடக்கத்தில் ஆனைமலையில் இப்பறவையின் இனப்பெருக்கத்தை விரிவாக ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 1997இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

ஆணும் பெண்ணும் இணையாகவே வாழும். பொருத்தமான பொந்து கிடைத்தால் அதே பொந்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தும். மரங்கொத்தியைப்போல மரத்தைக் குடைய இதற்குத் தெரியாது. கிளை முறிந்த இடத்தில் மரம் உளுத்து உண்டான பொந்தையோ, மரங்கொத்தி தொடங்கிவைத்துக் காலப்போக்கில் பெரிதான பொந்தையோ தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பறவை உள்ளே அமர்ந்து குஞ்சும் வளர்க்க வேண்டுமென்றால் அந்த மரத்தின் பருமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அத்தகைய மரம் உருவாகப் பல தலைமுறைக் காலம் ஆகிறது.

பொந்து தேர்வானதும் பெண் பறவை உள்ளே நுழையும். தன் எச்சத்தையும் உணவுக் கழிவையும் குழைத்து வாயிலைப் பூசி அடைக்கும். பூச்சு காய்ந்து கெட்டியானதும் ஆணின் அலகு நுனி நுழையும் அளவுக்கு நெட்டுவாக்கில் ஒரு சிறு பிளவு மட்டும் எஞ்சும். பாம்பு, உடும்பு, மரநாய் போன்றவற்றிடமிருந்தும், பொந்துக்குப் போட்டியிடும் பிற பறவைகளிடமிருந்தும் இந்தச் சுவர் பாதுகாப்புத் தருவதாகக் கருதப்படுகிறது.

பெண் உள்ளே ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இடும். முட்டை பொரிய 38 முதல் 40 நாட்கள் ஆகும். பெரும்பாலும் ஒரு குஞ்சே வளர்ந்து வெளிவரும். இந்த நாட்கள் முழுவதும் பெண்ணுக்கும் பின்னர் குஞ்சுக்கும் உணவு கொண்டுவருவது ஆண் மட்டுமே. பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, அடிமரத்தில் பற்றி அமர்ந்து, ஒவ்வொரு பழமாகக் கக்கியெடுத்துப் பிளவின் வழியே ஊட்டும். ஒரு வருகையில் பல பத்துப் பழங்களைக் கூடத் தருவதுண்டு. இடையிடையே பல்லி, எலி போன்ற இரையும் வரும்.

கூட்டின் தூய்மையைப் பெண் கவனித்துக்கொள்ளும். எச்சத்தையும் விதைகளையும் பிளவின் வழியே வெளியே தள்ளிவிடும். கூட்டு மரத்தின் அடியில் குவியும் இந்த விதைகளை எண்ணியே ஆய்வாளர்கள் பறவை என்ன உண்டது என்று கணக்கிடுகிறார்கள். மழை பெய்ததும் அந்த இடத்தில் நாற்றங்கால்போல் செடிகள் முளைத்து நிற்பதைக் காணலாம்.

குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பெண் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உள்ளிருக்கும் குஞ்சு மீண்டும் வாயிலை அடைத்துக்கொள்ளும். அதன்பின் தாயும் தந்தையும் சேர்ந்து இரை தேடி ஊட்டும். பறக்கும் வலிமை வந்ததும் குஞ்சு தானே சுவரை உடைத்து வெளியேறும். பெண் உள்ளே நுழைவது முதல் குஞ்சு வெளிவருவது வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகின்றன.

இந்த முறையின் வலிமையும் பலவீனமும் ஒன்றே. சுவர் இருப்பதால் பகை உள்ளே வராது. ஆனால் வெளியே இருக்கும் ஆண் வேட்டைக்காரனிடம் சிக்கினால் உள்ளே உணவு நின்றுவிடும். பெண் சுவரை உடைத்து வெளியேற முடிந்தாலும் குஞ்சின் வாழ்வு பெரும்பாலும் அத்தோடு முடியும். ஆகவே கூடு வைக்கும் காலத்தில் கொல்லப்படும் ஓர் ஆண் பறவை என்பது ஒரு குடும்பத்தின் இழப்பு.

காட்டை விதைக்கும் பறவை

சின்னான், குக்குறுவான் போன்ற சிறிய பறவைகளும் பழம் தின்று விதை பரப்புகின்றன. ஆனால் அவற்றின் வாய்க்குள் நுழையும் அளவுள்ள விதைகளையே அவற்றால் எடுத்துச் செல்ல முடியும். காட்டு ஜாதிக்காய், குங்கிலியம், வெள்ளை அகில் போன்றவற்றின் பருத்த விதைகளை விழுங்கக்கூடிய பறவைகள் காட்டில் மிகச் சிலவே. இருவாட்சிகளும் பெரிய காட்டுப் புறாக்களும் அவற்றுள் அடங்கும்.

இருவாட்சி பழத்தின் சதையைச் செரித்துக்கொண்டு விதையைச் சேதமின்றிக் கக்கிவிடும்; சிறு விதைகள் எச்சத்தோடு வெளியேறும். அதற்குள் அது வேறொரு சரிவுக்குப் பறந்துவிட்டிருக்கும். தாய்மரத்தின் நிழலிலேயே விழும் விதைகளுள் பெரும்பாலானவை பூச்சிகளுக்கும் எலிகளுக்கும் இரையாகும். தொலைவில் விழும் விதைக்கே மரமாகும் வாய்ப்பு அதிகம். ‘காட்டின் உழவர்’ என்று இருவாட்சியைச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

தமிழகத்தின் பிற இருவாட்சிகள்

மலை இருவாட்சியைத் தவிர மேலும் மூன்று இருவாட்சி இனங்கள் தமிழ்நாட்டில் உள்ளன.

மலபார் சாம்பல் இருவாட்சி: மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, உலகில் வேறெங்கும் இல்லை. தொப்பி கிடையாது. எக்காளச் சிரிப்பு போன்ற குரலால் அறியலாம். ஆனைமலைத் தோட்டப் பகுதிகளில் அடிக்கடி காணக்கூடியது.

மலபார் கறுப்பு வெள்ளை இருவாட்சி: ஆற்றோரக் காடுகளையும் தாழ்வான காடுகளையும் விரும்புவது. உருவில் மலை இருவாட்சியைவிடச் சிறியது. கழுத்து முழுவதும் கறுப்பாக இருப்பதால் வேறுபடுத்தலாம்.

சாம்பல் இருவாட்சி: வறண்ட காடுகளிலும் மலையடிவாரங்களிலும், ஆல், அரசு நிறைந்த சமவெளிகளிலும் வாழக்கூடியது. சிறிய கூரான தொப்பி உண்டு.

மனிதரும் இருவாட்சியும்

மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சின்னம் மலை இருவாட்சி. அதன் அலுவலகத்தின் பெயரும் இருவாட்சியைக் கொண்டே அமைந்தது. இதற்குக் காரணம் வில்லியம் என்று பெயரிடப்பட்ட ஒரு பறவை. 1894இல் பிறந்து, கார்வாரிலிருந்து குஞ்சாகக் கொண்டுவரப்பட்ட வில்லியம் 1920 வரை கழகத்தின் அலுவலகத்தில் வாழ்ந்தது. பழம் மட்டுமன்றி எலி, தேள் ஆகியவற்றையும் தின்றது. கையில் அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் வழக்கமே கடைசியில் அதற்கு எமனாயிற்று என்பர். கம்பித் துண்டு ஒன்றை விழுங்கி அது இறந்ததாகச் சொல்லப்படுகிறது.

அருணாசலப் பிரதேசத்தின் நிசி பழங்குடியினர் இருவாட்சியின் அலகையும் தொப்பியையும் தலையணியில் சூடுவது மரபு. இதற்காகப் பறவைகள் வேட்டையாடப்பட்டன. பின்னர் கண்ணாடியிழையில் செய்த போலி அலகுகள் அங்கு வழங்கப்பட்டு, பலர் அவற்றுக்கு மாறினர். கூட்டு மரங்களைக் காக்கும் பணியிலும் அம்மக்கள் ஈடுபட்டுள்ளனர். தாய்லாந்தில் பிலாய் பூன்சுவாத் என்ற அறிவியலாளரின் முயற்சியால், முன்பு குஞ்சுகளைத் திருடி விற்றவர்களே கூட்டுக் காவலர்களாக மாறினர். கேரளத்தின் வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினர் இதே பணியைச் செய்கின்றனர். எந்தப் பொந்தில் எந்த மாதம் பறவை அடைந்திருக்கும் என்ற அவர்களின் பரம்பரை அறிவு முன்பு வேட்டைக்குப் பயன்பட்டது. இப்போது பாதுகாப்புக்குப் பயன்படுகிறது.

அச்சுறுத்தல்கள்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் மலை இருவாட்சியை அழிய வாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது. வேட்டையும் காடழிப்பும் இதற்கான முதன்மைக் காரணங்கள்.

ஆனைமலையின் வரலாறு காடழிப்புக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும் ரயில் பாதைகள் அமைக்கவும் டாப்சிலிப் பகுதியிலிருந்து தேக்கு வெட்டப்பட்டது. மரங்களை மலை விளிம்பிலிருந்து கீழே சறுக்கி விட்டதாலேயே அந்த ஊருக்கு டாப்சிலிப் என்ற பெயர் வந்தது. பின்னர் பல இடங்களில் தேக்கு மட்டுமே நடப்பட்டது. தேக்குத் தோட்டம் தொலைவிலிருந்து பார்க்கக் காடுபோல் தோன்றினாலும் இருவாட்சிக்கு அதில் உண்ணப் பழமில்லை.

வால்பாறைப் பீடபூமியில் 1890களிலிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காக மழைக்காடு வெட்டப்பட்டது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பீடபூமியில் இன்று எஞ்சியிருப்பது தோட்டங்களுக்கிடையே சிதறிய சுமார் 40 மழைக்காட்டுத் துண்டுகள். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நடப்பட்ட ஆத்திரேலிய சில்வர் ஓக் மரங்களும் இருவாட்சிக்கு உணவோ பொந்தோ தருவதில்லை. நாட்டு மரங்களின் நிழலில் வளர்க்கப்படும் காப்பித் தோட்டங்கள் மட்டும் ஓரளவு உதவுகின்றன. அங்கு இருவாட்சிகள் இரை தேடுவதும் கூடு வைப்பதும் பதிவாகியுள்ளன.

பட்டுப்போன மரம், உளுத்த மரம் என்று பெருமரங்களை வெட்டி அகற்றுவதும் தீங்கானது. மரக்கணக்கில் பயனற்றதாக எழுதப்படும் உளுத்த மரம்தான் இருவாட்சிக்கு வீடு. ஒரு கூட்டு மரம் சாய்ந்தால், வேறு பொந்து கிடைக்கும்வரை அந்த இணை ஓராண்டோ பல ஆண்டுகளோ குஞ்சு பொரிக்காமல் இருக்க நேரிடும்.

பாதுகாப்பு

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மலை இருவாட்சி இடம்பெற்றுள்ளது. இதை வேட்டையாடுவதும் பிடித்து வைப்பதும் விற்பதும் குற்றம். இதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது.

சட்டம் பறவையைக் காக்கும். ஆனால் வெட்டப்பட்ட மரத்தை மீட்டுத் தராது. அதற்கான பணியும் ஆனைமலையில் நடக்கிறது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் ஆகிய ஆய்வாளர்களின் முயற்சியில், வால்பாறையின் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளைச் சீரமைத்து வருகிறது. தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு, களைச்செடிகளை அகற்றி, அந்த மண்ணுக்கே உரிய நூற்றுக்கும் மேற்பட்ட மர இனங்களின் நாற்றுகளை வளர்த்து நடுகின்றனர். சாலையோரத்தில் விழுந்து வீணாகும் விதைகளைச் சேகரித்தே பெரும்பாலான நாற்றுகள் வளர்க்கப்படுகின்றன.

பொந்துப் பற்றாக்குறைக்குச் செயற்கைக் கூடுகள் ஒரு தீர்வாகச் சில நாடுகளில் முயலப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்த கீழைக் கறுப்பு வெள்ளை இருவாட்சி, கூட்டுப் பெட்டிகளின் உதவியோடு மீண்டும் பெருகியது. இன்று அங்கு குடியிருப்புகளுக்கிடையிலும் அதைப் பார்க்க முடிகிறது. ஆனால் பெட்டி வைத்தால் கூடு கிடைக்கும், பழம் கிடைக்காது. ஆண்டு முழுவதும் பழுக்கும் அத்திகளையும் கொழுப்புமிக்க பழம் தரும் பெருமரங்களையும் கொண்ட காடு வேண்டும். இன்று நடப்படும் நாற்று சில பத்து ஆண்டுகளில் பழம் தரலாம். அதில் இருவாட்சி அடையும் அளவுக்குப் பொந்து உண்டாவதோ, நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்துக்குப் பின்னரே. எனவே இப்போது நின்றுகொண்டிருக்கும் முதிய மரங்களைக் காப்பதே புதிதாக நடுவதைவிட முதன்மையானது.

பார்க்கச் செல்வோர் கவனத்துக்கு

ஜனவரி முதல் மே வரை கூடு வைக்கும் காலம். இக்காலத்தில் கூட்டு மரத்தின் அருகில் மனிதர்கள் நின்றால் ஆண் பறவை இரையோடு வந்தும் கூட்டை அணுகாமல் திரும்பிவிடும். நிற்பவர்களுக்கு அது அரைமணி நேரக் காத்திருப்பு. உள்ளே இருக்கும் குஞ்சுக்கு அது ஒரு வேளை உணவு. ஆகவே கூடு இருக்கும் இடத்தைப் பிறருக்கு அறிவிப்பதும், படம் எடுக்க நெருங்குவதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

கூட்டைத் தேடுவதைவிடப் பழுத்த அத்தி மரம் ஒன்றைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதே இருவாட்சியைக் காண நல்ல வழி. காலையிலும் மாலையிலும் அவை அங்கு வரும். மரத்தின் அடியில் அமைதியாகக் காத்திருப்போருக்கு முதலில் இறக்கை ஒலி கேட்கும். பிறகு பறவை தெரியும்.